நீங்க கம்பைல் பண்ற கெர்னலும் டென்னிஸ் ரிச்சியும்

நாலாவது செமஸ்டர் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப் ஞாபகம் இருக்கா? லினக்ஸ் கெர்னலோட சோர்ஸ் கோடை இறக்கி, அதுல நாமளே ஒரு சிஸ்டம் கால் சேர்த்து, கம்பைல் பண்ணி, அந்தக் கெர்னல்லயே மெஷினை பூட் பண்ணிக் காட்டணும்னு ஒரு மினி ப்ராஜெக்ட். பாதிப் பேர் சீனியர்கிட்ட வாங்கின விர்ச்சுவல் மெஷினைக் காட்டித் தப்பிச்சாங்க. நான் கொஞ்சம் ஓவர் கான்ஃபிடன்ஸ்ல என் சொந்த லேப்டாப்லயே இறங்கிட்டேன்.

மேக் மெனுகான்ஃபிக்னு அடிச்சதும் நீல நிறத்துல ஒரு மெனு வரும் பாருங்க, அதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஆப்ஷன். எனக்குத் தேவையில்லைன்னு தோணினதை எல்லாம் வரிசையா ஆஃப் பண்ணேன். ராத்திரி பூரா கம்பைல் ஓடுச்சு. லேப்டாப் தோசைக்கல் மாதிரி கொதிச்சது. காலையில ரீபூட் பண்ணா, ரூட் டிஸ்க்கைக் காணோம்னு சொல்லிட்டு இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட்ல போய் நின்னுடுச்சு. நான் ஆஃப் பண்ணின லிஸ்ட்ல என் எஸ்.எஸ்.டி-க்கான என்.வி.எம்.இ டிரைவரும் இருந்திருக்கு! தன்னோட டிஸ்க்கையே பார்க்கத் தெரியாத ஒரு கெர்னலை நானே உட்கார்ந்து கட்டியிருக்கேன். க்ரப் மெனுவுல பழைய கெர்னல் பத்திரமா இருந்ததால பிழைச்சேன். ரெண்டாவது தடவை சரியா வந்தது.

அன்னைக்கு எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட உள்ளங்கம் கெர்னல்தான். ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்திருக்கிற பத்தொன்பது வயசு ஆள் அதைத் திறந்து படிச்சு, கெடுத்து, திரும்பக் கட்ட முடியுதுன்னா, அது எப்படி சாத்தியமாச்சு? ஒரு காலத்துல இது நடக்கிற காரியமே இல்லை. இதுக்கான பதிலைத் தேடிப்போனா பல பேர் வருவாங்க. அதுல முக்கியமான ஒருத்தரோட கதையைத்தான் சொல்லப் போறேன். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது எனக்கு இதுதான் முதல் தடவை, பொறுத்துக்கோங்க.

சப்மிட் ஆகாத ஒரு தீசிஸ்

டென்னிஸ் ரிச்சி 1941 செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிராங்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அலிஸ்டர் ரிச்சி, பெல் லேப்ஸில் விஞ்ஞானி. ஸ்விட்சிங் சர்க்யூட் வடிவமைப்பு பற்றி ஒரு புத்தகத்தை இணைந்து எழுதியவர். சின்ன வயசிலேயே குடும்பம் நியூஜெர்சியில் உள்ள சம்மிட் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பை அங்கே முடித்துவிட்டு ஹார்வர்டில் இயற்பியல் சேர்ந்தார். அங்கே யூனிவாக் கம்ப்யூட்டர் பற்றி ஒரு லெக்சர் கேட்டது அவரைத் திசை திருப்பியது.

தன்னைப் பற்றி அவரே எழுதிய ஒரு சின்னக் குறிப்பில் ஒரு விஷயம் வரும். இயற்பியலாளர் ஆகும் அளவுக்குத் தனக்கு அறிவு போதாது என்று இளநிலைப் படிப்பு புரியவைத்ததாம். அல்காரிதம் தியரியில் நிபுணர் ஆகும் அளவுக்கும் போதாது என்று முனைவர் படிப்பு புரியவைத்ததாம். அரியர் வெச்சிருக்கிற நண்பர்களுக்கு இது ஆறுதலா இருக்கும்னு நினைக்கிறேன்.

உண்மையில் அவர் தியரியில் சோடை இல்லை. லூப்களை மட்டும் வைத்து எழுதப்படும் ப்ரோகிராம்களின் சிக்கல் அளவு பற்றி ஆல்பர்ட் மேயருடன் சேர்ந்து 1967-ல் வெளியிட்ட கட்டுரை அந்தத் துறையில் இன்னும் பேசப்படுகிறது. 1968-ல் தீசிஸையும் எழுதி முடித்துவிட்டார். ஆனால் பைண்ட் பண்ணின காப்பி ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவர் அதைக் கொடுக்கவே இல்லை. அதனால் முனைவர் பட்டமும் வரவில்லை. அந்தத் தீசிஸைப் பல பத்தாண்டுகள் யாரும் பார்த்ததில்லை. அவர் இறந்து ஒன்பது வருஷம் கழித்து, 2020-ல்தான் கலிஃபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் அதை வெளியுலகுக்குக் காட்டியது.

இப்போ நாம எல்லாரும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு நாலு காப்பி, கறுப்பு அட்டை, தங்க எழுத்துன்னு பைண்டிங் கடையில நின்னுட்டு இருக்கோம். தயவு செஞ்சு இந்தக் கதையை உங்க கைடுகிட்ட சொல்லிப் பார்க்காதீங்க.

யாரும் தொடாத ஒரு மெஷின்

1967-ல் அப்பா வேலை பார்த்த அதே பெல் லேப்ஸில், நியூஜெர்சியின் மர்ரே ஹில்லில், ரிச்சி வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அங்கே எம்.ஐ.டி-யோடும் ஜெனரல் எலக்ட்ரிக்கோடும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது கனவு. வேலை இழுத்துக்கொண்டே போனது. 1969-ல் பெல் லேப்ஸ் அதிலிருந்து விலகிக்கொண்டது.

ரிச்சிக்கும் அவர் நண்பர் கென் தாம்சனுக்கும் அந்தச் சூழலை விட மனசில்லை. புது மெஷின் வாங்கித் தரச்சொல்லிக் கேட்டார்கள். நிர்வாகம் மறுத்துவிட்டது. கடைசியில் அதிகம் யாரும் பயன்படுத்தாத பி.டி.பி-7 என்ற சின்ன மெஷின் ஒன்று கென் கண்ணில் பட்டது. அதன் மெமரி 18 பிட் அளவுள்ள 8192 சொற்கள். நம்ம கணக்குல வெறும் 18 கிலோபைட். நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புற ஒரு போட்டோ கூட இதுக்குள்ள அடங்காது. முதலில் ஸ்பேஸ் ட்ராவல் என்ற விளையாட்டை அதில் ஓட்டினார்கள். பிறகு 1969 கோடையில், மனைவியும் குழந்தையும் ஊருக்குப் போயிருந்த சுமார் ஒரு மாதத்தில், கெர்னல், ஷெல், எடிட்டர், அசெம்பிளர் ஆகியவற்றை வாரத்துக்கு ஒன்றாகக் கென் எழுதினார். யூனிக்ஸ் பிறந்தது இப்படித்தான்.

பேட்டன்ட் பிரிவுக்கு டைப் அடிக்கும் வசதி செய்து தருகிறோம் என்று சொல்லி, 1970-ல் பி.டி.பி-11 என்ற புது மெஷினை வாங்கவைத்தார்கள். அதன் மெமரி 24 கிலோபைட். அதில் 16 சிஸ்டத்துக்கு, மீதி 8 பயன்படுத்துபவர்களுக்கு. யூனிக்ஸின் முதல் மேனுவல் 1971 நவம்பர் 3 என்ற தேதியோடு வந்தது.

இங்கே ஒண்ணைக் கவனிங்க. அந்த யூனிக்ஸ் முழுக்க அசெம்பிளியில் எழுதப்பட்டது. பி.டி.பி-7-க்கு எழுதினது பி.டி.பி-11-ல் ஓடாது. மெஷின் மாறினால் திரும்ப முதல் வரியிலிருந்து எழுத வேண்டும். கெர்னல்னாலே அசெம்பிளிதான், வேற மொழியில எழுதினா மெதுவாயிடும், பெருசாயிடும்னு அப்போ பெரும்பாலானவர்கள் நம்பினாங்க.

தோத்துப்போன 1972

கென் ஏற்கெனவே பி.சி.பி.எல் என்ற மொழியைச் சுருக்கி 'பி' என்று ஒரு குட்டி மொழி செய்திருந்தார். அதில் டைப் என்பதே கிடையாது. எல்லாமே ஒரு மெஷின் சொல். எண்ணும் அதுதான், முகவரியும் அதுதான். பி.டி.பி-11 பைட் பைட்டாக முகவரி தரும் மெஷின். அதில் ஒரு எழுத்தைக் கையாள்வதற்கே 'பி' திணறியது.

1971-ல் ரிச்சி அதைத் திருத்த ஆரம்பித்தார். எழுத்துக்கு கேரக்டர், எண்ணுக்கு இன்ட் என்று டைப்களைக் கொண்டுவந்தார். நேரடியாக மெஷின் கோடு தரும் கம்பைலர் எழுதினார். அது வளர்ந்து 'சி' ஆனது. 1972-ல் கென் அந்த ஆரம்பகால சி-யில் கெர்னலை எழுதிப் பார்த்தார். முடியவில்லை. கைவிட்டுவிட்டார்.

ஏன் முடியலைன்னு நாம புரிஞ்சுக்கலாம். ஒரு கெர்னலுக்குள் பெரும்பாலும் அட்டவணைகள்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு எண், ஒரு நிலை, ஒரு முன்னுரிமை, மெமரியில் அது இருக்கும் இடம் என்று பல தகவல்கள் ஒன்றாக இருக்க வேண்டும். நம்ம அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் மாதிரி நினைச்சுக்கோங்க. பேர், ரோல் நம்பர், வந்த நாள் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தால்தான் அது ரெஜிஸ்டர். அப்போதைய சி-யில் அப்படி ஒரு வரிசையைச் சொல்ல வழியே இல்லை. இத்தனாவது பைட்டில் முன்னுரிமை இருக்கிறது என்று கையால் கணக்குப் போட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிஸ்டத்தைக் குறை சொல்லாமல் ரிச்சி மொழியைச் சரி செய்தார். ஸ்ட்ரக்ச்சர் என்பதைச் சேர்த்தார். ஃபர்ஸ்ட் இயர்ல ஸ்டூடன்ட் ரெக்கார்டு ப்ரோகிராம் எழுதி மார்க் வாங்கினோமே, அதே ஸ்ட்ரக்ச்சர்தான்! 1973 ஆரம்பத்துக்குள் மொழி ஓரளவு முழுமை அடைந்தது. அந்தக் கோடையில் கென்னும் ரிச்சியும் யூனிக்ஸ் கெர்னலை சி-யில் திரும்ப எழுதினார்கள். இந்த முறை ஓடியது.

புது கெர்னல் பழையதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருந்தது. கிலோபைட் கணக்கில் மெமரி இருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் புரிந்துகொள்வதும் மாற்றுவதும் எளிதாகிவிட்டது, புது வசதிகளும் சேர்ந்திருக்கிறது, அதனால் இந்தப் பெருக்கம் பரவாயில்லை என்று 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு பேரும் எழுதினார்கள். என்னைக் கேட்டா, இந்த மொத்தக் கதையிலயும் பெரிய முடிவு இதுதான். மெஷினுக்கு இடத்தை மிச்சப்படுத்துறதா, படிக்கிற மனுஷனுக்குப் புரியவைக்கிறதா? அவங்க மனுஷன் பக்கம் நின்னாங்க.

இதைக் கண்ணால பார்க்கணுமா? லினக்ஸ் சோர்ஸ்ல இன்க்ளூட் ஃபோல்டருக்குள்ள லினக்ஸ் ஃபோல்டர், அதுல ஷெட் டாட் ஹெச் ஃபைலைத் திறங்க. டாஸ்க் ஸ்ட்ரக்ட் என்று ஒரு பெரிய ஸ்ட்ரக்ச்சர் இருக்கும். நீங்க இப்ப ஓட்டிட்டு இருக்கிற ஒவ்வொரு ப்ராசஸும் கெர்னலுக்குள்ள அதுதான்.

ஆளுக்கு ஒரு கெர்னல்

பெல் லேப்ஸின் தாய் நிறுவனம் ஏ.டி. அண்ட் டி. 1956-ல் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கம்ப்யூட்டர் வியாபாரத்தில் அது இறங்க முடியாது. அதனால் கேட்ட பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸ் டேப்பைக் குறைந்த கட்டணத்தில், சோர்ஸ் கோடோடு கொடுத்தார்கள். உதவி, சர்வீஸ் எதுவும் கிடையாது. வந்த டேப்பை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்போ கஸ்டம் கெர்னல் என்பது ஆர்வக்கோளாறு இல்லை, கட்டாயம். ஒவ்வொரு காலேஜிலும் டிஸ்க் வேறு, டேப் வேறு, டெர்மினல் எண்ணிக்கை வேறு. 1975-ல் வந்த ஆறாவது எடிஷனில் மேக்கான்ஃப் என்று ஒரு சின்ன ப்ரோகிராம் இருந்தது. உங்களிடம் இருக்கும் சாதனங்களின் பெயர்களை அதற்குக் கொடுத்தால் இரண்டு ஃபைல் எழுதித்தரும். ஒன்று அசெம்பிளியில், இன்னொன்று சி-யில். இரண்டையும் மெஷின் கோடாக மாற்றி, மீதிக் கெர்னலோடு லிங்க் செய்து, கிடைத்த ஃபைலை ரூட்டில் யூனிக்ஸ் என்ற பெயரில் வைத்து ரீபூட் செய்தால் அது உங்கள் கெர்னல். மெனுகான்ஃபிக்ல நாம செய்யுறதும் இதே வேலைதான். தப்பான டிஸ்க் பேரைக் கொடுத்துட்டு என்னை மாதிரி முழிச்சவங்க அப்பவும் இருந்திருப்பாங்க.

அந்தக் கெர்னல் மொத்தமே சுமார் 9000 வரிகள். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் 1977-ல் அதற்கு வரி வரியாக உரை எழுதி வகுப்பெடுத்தார். பிறகு லைசென்ஸ் கெடுபிடி வந்து, வகுப்பில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆனபோது, மாணவர்கள் ஜெராக்ஸின் ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள்.

அடுத்தது இன்னும் பெரிய சோதனை. 1977-ல் ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் பி.டி.பி-11-க்குச் சம்பந்தமே இல்லாத இன்டர்டேட்டா 8/32 என்ற மெஷினுக்கு யூனிக்ஸைக் கொண்டுபோனார்கள். அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவின் வொலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு மில்லர் இன்னொரு இன்டர்டேட்டா மெஷினில் தனியாக இதைச் செய்து காட்டினார். ஒரு மெஷினுக்கு மட்டும் சொந்தமாக இருந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் மெஷின் விட்டு மெஷின் தாவியது. லினக்ஸ் சோர்ஸில் ஆர்ச் என்ற ஃபோல்டர் இருக்கும். இன்டெல், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்று ஒவ்வொரு ப்ராசஸருக்கும் உரிய தனிப் பகுதி அதற்குள் அடங்கிவிடும். மீதிக் கெர்னலில் பெரும்பகுதி எல்லாருக்கும் பொது. உங்க லேப்டாப்லயும் உங்க ஆண்ட்ராய்டு போன்லயும் லினக்ஸ் கெர்னலே ஓடுதுன்னா காரணம் இதுதான்.

1978-ல் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து அவர் எழுதிய சி புத்தகத்தைப் பற்றி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்லை. லைப்ரரில அட்டை கிழிஞ்ச காப்பி உங்களுக்குத் தெரியும்.

சூடோ அடிக்கும்போது

இன்னொரு விஷயம். கெர்னலை இன்ஸ்டால் பண்ண சூடோ மேக் இன்ஸ்டால்னு அடிக்கிறோம். சாதாரண யூசரான உங்களுக்கு அந்த ஒரு கமாண்டுக்கு மட்டும் ரூட் அதிகாரம் எப்படி வந்தது? ஒரு ப்ரோகிராமை யார் ஓட்டினாலும், அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு அது ஓடலாம் என்று ஃபைலில் ஒரு பிட் வைக்கலாம். அதுதான் செட்யுஐடி. இது ரிச்சியின் யோசனை. 1973-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்து 1979-ல் கிடைத்தது. ஆனால் பெல் லேப்ஸ் அதைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டது. நீங்க பாஸ்வேர்டு மாத்தும்போதும் வேலை செய்யுறது அதே பிட்தான்.

1983-ல் ரிச்சிக்கும் கென்னுக்கும் டூரிங் விருது கிடைத்தது. 1999-ல் அமெரிக்க அதிபர் கையால் தேசிய தொழில்நுட்பப் பதக்கம். அதிகம் பேசாதவர் என்றுதான் கூட வேலை பார்த்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். இரவுப் பறவை. மதியத்துக்கு ஆபீஸ் வந்து, மாலையில் வீட்டுக்குப் போய், திரும்ப விடியற்காலை வரை வேலை பார்ப்பார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பிளான் 9, இன்ஃபெர்னோ என்று அடுத்தடுத்த ஆப்பரேட்டிங் சிஸ்டங்களில் பங்கெடுத்துவிட்டு, 2007-ல் ஓய்வு பெற்றார்.

1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கம்ப்யூட்டருக்காக ஒரு கெர்னலை எழுதினபோது அவருக்கு 21 வயசு. இப்போ எனக்கு இருக்கிற வயசு. யூனிக்ஸின் கோடு ஒரு வரி கூட அதில் இல்லை. ஆனால் வடிவமும் மொழியும் அங்கிருந்து வந்தவை.

2011 அக்டோபர் 5-ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தார். உலகமே பேசியது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 12-ஆம் தேதி, நியூஜெர்சியில் பெர்க்லி ஹைட்ஸில் தனியாக வாழ்ந்துவந்த தன் வீட்டில் ரிச்சி இறந்து கிடந்தார். வயது 70. ரெண்டு மரணத்தையும் ஒப்பிட்டு வர்ற மீம்ஸ் எனக்குப் பிடிக்காது. ரிச்சி யாரோடயும் போட்டி போடலை. அந்த நவம்பரில் வந்த ஃபெடோரா 16 அவர் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அவருக்குப் பொருத்தமான அஞ்சலி அதுதான்னு தோணுது. நான் அப்போ ரெண்டாங்கிளாஸ்.

நீங்களும் ஒரு தடவை

இந்த லீவுல ஒரு கெர்னலைக் கட்டிப் பாருங்க. என்னை மாதிரி சொந்த லேப்டாப்ல வேண்டாம், விர்ச்சுவல் மெஷின்லயே செய்யுங்க. 30 ஜி.பி காலி இடம் வெச்சுக்கோங்க. கெர்னல் டாட் ஆர்க் தளத்துல இருந்து சோர்ஸை எடுங்க. ஜி.சி.சி, மேக், ஃப்ளெக்ஸ், பைசன் எல்லாம் வேணும். மெனுகான்ஃபிக்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் அடிங்க. இப்ப உங்க மெஷின்ல ஓடிட்டு இருக்கிற மாட்யூல்களை மட்டும் வெச்சுட்டு மீதியை அதுவே கழிச்சிடும். எனக்கு இது அப்பவே தெரிஞ்சிருந்தா ஒரு ராத்திரி மிச்சம். உபுண்டுவோட கான்ஃபிக்கை எடுத்தீங்கன்னா சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ் ரெண்டு இடத்துலயும் இருக்கிற ஃபைல் பேரைக் காலி பண்ணிடுங்க. இல்லேன்னா கம்பைல் பாதியில நிக்கும். அப்புறம் மேக், மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால், மேக் இன்ஸ்டால். கடைசி ரெண்டுக்கும் சூடோ. பழைய கெர்னலை மட்டும் அழிச்சிடாதீங்க, அது உங்க உயிர்.

ஜெனரல் செட்டப்ல லோக்கல் வெர்ஷன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல நீங்க எழுதுறது கெர்னலோட பேரோட ஒட்டிக்கும். எல்லாரும் தன் பேரையோ கேர்ள்ஃப்ரெண்டு பேரையோ போடுவாங்க. பெல் லேப்ஸ் மெஷின்கள்ல ரிச்சியோட லாகின் பேர் டி.எம்.ஆர். ரெண்டாவது தடவை கெர்னல் சரியா வந்தப்ப நான் அதைத்தான் போட்டிருந்தேன். இப்பவும் என் லேப்டாப்ல யூநேம் அடிச்சா, வெர்ஷன் நம்பருக்குப் பக்கத்துல அந்த மூணு எழுத்து வரும்.